பதினோராவது மாலை

போன மாதம் மகளை அழைத்துவர திருச்சி ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். காலை வண்டி வந்து நின்றது. கையில் ரோஜா மாலையோடு ஒருவர் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினார். அவர் எதிர்பார்த்த ஆள் இறங்கவில்லை. கூட்டம் கரைந்து பிளாட்பாரம் காலியான பிறகும் அவர் அங்கேயே நின்றார். கழுத்து இல்லாத மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற மனிதனைப் பார்க்கச் சகிக்காது. கடைசியில் அதை ஒரு பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தபடி போய்விட்டார். "என்னப்பா, அதையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் மகள். ஆட்டோவில் ஏறியதும் எங்கள் கேப்டனைப் பற்றி அவளிடம் சொல்லத் தொடங்கினேன். காவிரிப் பாலம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். ஆகையால் உங்களிடம் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் இந்த நாட்டில் ஊருக்கு ஒரு டீம் என்று ஒரு கால்பந்து லீக் நடந்தது. இப்போது யாரிடமாவது சொன்னால், கிழவன் தலைக்கு வெயில் ஏறிவிட்டது என்று பார்க்கிறார்கள். நடந்தது உண்மை. பெரிய நகரங்களில் சில பணக்காரர்களுக்கு ஓர் ஆசை வந்தது. கோப்பைப் போட்டி என்று நாலு நாள் ஆடிக் கலைவதற்குப் பதிலாக, ஒவ்வொரு டீமும் மற்ற ஊர்களுக்கெல்லாம் ரயிலேறிப் போய், வெளிநாட்டில் ஆடுவதுபோல சீசன் முழுக்க ஆட வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். கல்கத்தா, பம்பாய், ஹைதராபாத் என்று நீண்ட அந்த வரிசையில் திருச்சியும் எப்படியோ இடம்பிடித்துவிட்டது. காரணம், எங்கள் ஊர் சுருட்டுக் கம்பெனி முதலாளி ஒருவர். பந்தை ஒரு தடவைகூடக் காலால் தொட்டிராத மனிதர் அவர். ஆனால் மேட்ச் என்றால் வேட்டி அவிழ்வது தெரியாமல் கத்துவார்.

கேப்டன் பாலக்கரைக்காரர். ரயில்வே பட்டறையில் லேத்தில் நின்றவர். பெரிய கோயில் என்று அவர்கள் சொல்லும் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய்விட்டு நேரே மைதானத்துக்கு வருவார். எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைக்கும்போது சிலுவை போட்டுக்கொள்வார். பூட்ஸ் போடமாட்டார், கணுக்காலில் துணிப்பட்டை மட்டும் சுற்றியிருக்கும். லீக் என்றால் மாதத்தில் பாதி நாள் ரயிலில்தான். பட்டறையில் அத்தனை லீவு கிடைக்காது. நிரந்தர வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். "ரெண்டு பொம்பளப் புள்ளைய வெச்சுக்கிட்டு, பந்து உதைக்கப் போறேன்னு வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறாரு தம்பி. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று என்னிடம் பொரிந்தார். எனக்கும் அப்போது பந்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. இருபத்திரண்டு வயது. ஸ்ரீரங்கத்தில் அப்பாவின் பாத்திரக் கடையில் உட்காரப் பிடிக்காமல், மொட்டையாக நின்ற தெற்குக் கோபுரத்தைப் பார்த்தபடி நாளைக் கழித்துக்கொண்டிருந்தவனை டீமில் லெஃப்ட் விங்கில் சேர்த்து, 'ரங்கம்' என்று பேரும் வைத்தவர் அவர்தான்.

கேப்டனிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர் டீம் வருகிற காலையில் மாலைகளோடு ஜங்ஷனுக்குப் போய்விடுவார். மற்ற ஊர்களில் இதையெல்லாம் யாராவது சங்கத்து ஆட்கள் செய்வார்கள். இங்கே சாயங்காலம் எதிர்த்து ஆடப்போகிற கேப்டனே போய் நிற்பார். மாலை வாங்கிவருவது என் வேலை. ஸ்ரீரங்கத்துப் பூக்காரர் பதினோரு சம்பங்கி மாலைகளைக் கட்டி மூங்கில் கழியில் கோத்துக் கொடுப்பார். அதைத் தோளில் தாங்கி, ஒரு கையால் சைக்கிளை ஓட்டிக்கொண்டு பாலம் தாண்டுவேன். "மூணு நாள் ரயில்ல உக்காந்து நம்மள நம்பி வர்றாங்கடா ரங்கம். முதல்ல விருந்தாளி, அப்புறம்தான் எதிரி" என்பார். சாயங்காலம் அந்த விருந்தாளிகளின் கால்களுக்கு நடுவே பந்தை உருவிக்கொண்டு போவதில் அவருக்குத் தயக்கம் ஏதும் இருந்ததில்லை.

முதல் சீசன் திருவிழாதான். கல்கத்தாக்காரர்கள் வந்த அன்று மூங்கில் காலரி கொள்ளாமல், சுற்றியிருந்த வேப்பமரங்களிலெல்லாம் ஆட்கள் தொற்றியிருந்தார்கள். சமயபுரத்துப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முதலாளியின் உபயத்தில் எல்லார் வாயிலும் சுருட்டு. மைதானத்தின் மேல் ஒரு புகைப் பந்தலே நின்றது. கல்கத்தாக்காரர்கள் பளபளக்கும் பூட்ஸோடு இறங்கியதும், வெறுங்காலோடு நின்ற எங்களைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். இரண்டும் கேப்டன் போட்டவை. கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு பாலக்கரை வரை போனது. வாசலில் நின்ற அக்கா சிரிக்கக் கூடாது என்று கஷ்டப்பட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சிரித்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே சீசனில் ஒரு மேட்சில் எதிர்த்தரப்பு கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து, கம்பத்தில் மோதி விழுந்துவிட்டார். பந்து கேப்டன் காலடியில். முன்னால் திறந்த கோல். விசில் ஊதவில்லை. கேப்டன் பந்தைத் திருப்பி வெளியே உதைத்துவிட்டு, விழுந்தவரைத் தூக்கப் போனார். அந்த மேட்சை நாங்கள் தோற்றோம். நான் கோபத்தில் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. "ஆளில்லாத வீட்டுல புகுந்து எடுத்தா அதுக்குப் பேரு வேறடா" என்றார். அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார்.

இரண்டாவது சீசனில் லீக் தேயத் தொடங்கியது. தண்டவாளத்தில் வெள்ளம் என்று மேட்சுகள் தள்ளிப்போயின. பெரிய நகரத்து டீம்களுக்கு அவரவர் ஊர்ப் பழைய போட்டிகள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு நாடு முழுக்க அலைய அவர்களுக்கு அலுத்துவிட்டது. ஒன்றொன்றாக விலகினார்கள். எங்கள் காலரியிலும் மூங்கில் தெரிய ஆரம்பித்தது. முதலாளி மேட்சுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். முன்பு வாசலில் வந்து வரவேற்றவர், இப்போது எங்களைக் கண்டால் வேலையாக இருப்பதுபோல உள்ளே திரும்பிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆசைப்பட்டார், முடிந்தவரை செய்தார். லீக் நின்றுபோனால் நான் ஸ்ரீரங்கம் திரும்பி அப்பாவின் கடையில் உட்காருவேன். அப்படிக் கடை ஏதும் இல்லாத மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பது கேப்டனைத் தின்றது. முகம் கறுத்துவிட்டது அவருக்கு.

அந்த நேரத்தில்தான் வடக்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஓர் இரும்பாலையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். ஆலைக்கு ஒரு கால்பந்து டீம் வேண்டுமாம். தனித்தனியாகப் பொறுக்க மாட்டார். லீக்கில் முதலிடம் வருகிற டீமை அப்படியே எடுத்துக்கொள்வார். எல்லாருக்கும் நிரந்தர வேலை. ஒரே நிபந்தனை, முப்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. கேப்டனுக்கு முப்பத்து நாலு. அதைக் கேட்டு நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அவரோ, "பத்து பேரு போறீங்க. அப்ப பம்பாய்க்காரனை அடிச்சே ஆகணும்" என்று அப்போதே பயிற்சிக்குக் கிளப்பிவிட்டார். பம்பாயோடுதான் கடைசி மேட்ச். அதில் ஜெயித்தால் நாங்கள் முதலிடம். தோற்றாலும் சமன் ஆனாலும் இல்லை.

மேட்ச் அன்று காலை வழக்கம்போல மாலைகளோடு ஜங்ஷனில் நின்றோம். மெட்ராஸ் வண்டி வந்தது. யார் யாரோ இறங்கினார்கள், பம்பாய்க்காரர்களைத் தவிர. கேப்டன் கடைசிப் பெட்டிவரை போய்ப் பார்த்தார். அடுத்த வண்டியையும் பார்த்தோம். வெயில் ஏற ஏற சம்பங்கி துவண்டது. மெட்ராஸ் வரைக்கும் வந்தவர்கள், டீம் கலைக்கப்பட்டது என்ற சேதி கிடைத்து அங்கிருந்தே திரும்பிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கேப்டன் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். பூக்களைப் பெரிய கோயிலில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்.

சாயங்காலம் மைதானத்தில் கொஞ்சம் ஜனம் இருந்தது. அதிகாரியும் காலரியில் இருந்தார். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கும் ரெஃப்ரி சார் எங்களைக் கூப்பிட்டு விதியைச் சொன்னார். "அரை மணி நேரம் பார்ப்பேன். அவங்க வரலைன்னா நீங்க கிக் ஆஃப் பண்ணி, பந்தைக் கொண்டுபோய் கோல்ல போடணும். அப்பத்தான் நான் விசில் ஊதி உங்களுக்கு வெற்றி கொடுக்க முடியும். போடலைன்னா மேட்ச் ரத்து. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லை." கேப்டன் எதிர்ப் பக்கத்துக் காலி கோலைப் பார்த்தார். திறந்த கோலில் அடிக்காமல் ஒரு மேட்சையே விட்டவரிடம் இதை எப்படிக் கேட்பது?

"நான் போடுறேன் கேப்டன். நீங்க ஓரமா நில்லுங்க" என்றேன்.

"வேணாம்டா ரங்கம். நாளைக்கு ஊரு சிரிக்கும். அந்தப் பேரோட நீங்க யாரும் புது எடத்துக்குப் போகக் கூடாது. நான் இங்கயேதானே இருக்கப் போறேன், என்னோட இருந்துட்டுப் போகட்டும்."

அரை மணி கழிந்தது. விசில். அன்று அவர் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை; நான் கவனித்தேன். பந்தை நடுவிலிருந்து காலால் தள்ளிக்கொண்டு நடந்தார். ஓடவில்லை. நாங்கள் பத்துப் பேரும் நடுக்கோட்டிலேயே நின்றோம். காலரியில் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் விசிலடி. "பாத்து கேப்டன், கீப்பர் பாஞ்சிடப் போறான்!" என்று ஒருவன் கத்தினான். கோலுக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டார். அடிக்கமாட்டார் என்றே நினைத்தேன். திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு வெறுங்காலின் உட்புறத்தால், தொட்டிலை ஆட்டுவதுபோல, பந்தை மெல்லத் தள்ளினார். அது உருண்டு கோட்டைத் தாண்டி, வலையைத் தொடாமலே நின்றது. ரெஃப்ரி சார் ஊதினார். நான் அழுதேன். என் பக்கத்தில் நின்றவனும் அழுதான்.

டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஏமாறக் கூடாது என்று கேப்டன் எங்களையே இரண்டாகப் பிரித்து ஆடவைத்தார். அந்த ஆட்டம் முழுக்க அவர் போய் நின்றது அதே கோலில், கீப்பராக. எத்தனையோ பாய்ந்து பிடித்தார், விட்டார், விழுந்து புரண்டார். சிரித்த கூட்டம் அப்புறம் கைதட்டியது. ஆனால் கைதட்டலை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? மறுநாளே 'காலி கோல் கேப்டன்' என்ற பேர் வந்துவிட்டது. முதலிடம் வந்ததற்கு உரிய கோப்பை வரவேயில்லை. லீக் முடிந்தது என்றுகூட யாரும் அறிவிக்கவில்லை. அடுத்த சீசனுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். பத்துப் பேரும் ஒன்றாகக் கிளம்பினோம். கேப்டனுக்குப் பட்டறையில் பழைய இடம் நிரப்பப்பட்டிருந்தது. சுருட்டுக் கம்பெனிக் கிடங்கில் முதலாளி ஒரு வேலை போட்டுக் கொடுத்திருந்தார்.

கிளம்புகிற காலையில் ஜங்ஷனுக்கு வந்தார். தோளில் மூங்கில் கழி, அதில் சம்பங்கி மாலைகள். அவரே ஸ்ரீரங்கம் போய் வாங்கிவந்திருக்கிறார். "வர்ற டீமுக்குத்தான் போடுவோம். இன்னிக்கு நீங்கதான் வெளியூர் டீம்" என்று ஒவ்வொருவராக நிறுத்திப் போட்டார். போர்ட்டர் ஒருவர் போகிறபோக்கில், "என்ன காலி கோலு, படையே கிளம்புதா?" என்றார். நான் சட்டைக் கையை மடக்கினேன். "விடுடா, வண்டி வந்துருச்சு பாரு" என்று என் முதுகில் தட்டினார் கேப்டன்.

வண்டி நகர்ந்த பிறகுதான் பார்த்தேன். கழியில் ஒரு மாலை மிச்சமிருந்தது. பூக்காரர் பழக்கத்தில் பதினொன்று கட்டிவிட்டார் போலிருக்கிறது. கேப்டன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. குதித்துவிட்டேன். ஓடிப்போய் கழியிலிருந்து மாலையை உருவி அவர் கழுத்தில் போட்டேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் மட்டும் மைதானத்துக் குரல்: "வண்டிய விட்றாதடா ரங்கம்! ஓடு, ஓடு, லெஃப்ட்ல ஓடு!" நான் ஓடிய ஓட்டங்களிலேயே நல்ல ஓட்டம் அதுதான். கடைசிப் பெட்டியில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

அந்த வேலையில்தான் கல்யாணம் பண்ணினேன், மகளைப் படிக்கவைத்தேன், ஓய்வுபெற்று ஸ்ரீரங்கம் திரும்பினேன். மொட்டையாக நின்ற கோபுரம் இப்போது வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. கேப்டன் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆட்டோவில் தூங்கிப்போன மகளுக்குத் தெரியாது, அவள் சாப்பிட்டு வளர்ந்தது அந்த ஒரு கோலின் சோறு என்று.

ஜங்ஷனில் அந்த மனிதர் மிஞ்சிய மாலையை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் கேப்டன் கழற்றவில்லை. முதல் லீவில் நான் வந்தபோது அக்கா சொன்னார். ரயிலடியிலிருந்து பாலக்கரை வரை கடைத்தெரு வழியாக, மாலையும் கழுத்துமாகவே நடந்து வந்தாராம். வழியில் டீக்கடையிலிருந்து யாரோ, "என்ன கேப்டன், கப்பு ஜெயிச்சுட்டீங்களா?" என்று கேலியாகக் கேட்டிருக்கிறார்.

"ஆமா, ஜெயிச்சாச்சு. இப்பத்தான் வண்டி ஏத்திட்டு வர்றேன்" என்றாராம்.