ஞானம் அக்காவின் மீன்

என் மூத்த பேரன் கனடாவில் இஞ்சினியர். இளையவன் கொழும்பில் வங்கி மனேச்சர். பேத்தி துளசி சீனாவில் டொக்டருக்குப் படிக்கிறாள். இந்த முறையும் வகுப்பில் முதலாவது. இதையெல்லாம் நான் முதலில் சொல்வது எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு ஞானம் அக்காவிடம்தான். அன்றும் துளசியின் றிசல்ற்றைச் சொல்லத்தான் படலையடிக்குப் போனேன். எதிரே வந்த அவவின் மகன் யோகன், "மாமி, அம்மா விடிய எழும்பேல்லை" என்றான். நித்திரையிலேயே போய்விட்டிருந்தா.

அக்காவை அறிந்த அரியாலை ஆட்களுக்கு அவவின் ஓட்டுத்துண்டையும் தெரிந்திருக்கும். அவவின் மனுசனின் வலையில் சிக்கி வந்தது. ஒரு கோப்பையின் அடியும் ஒரு பக்கமும்; மேலெல்லாம் சிப்பி. அக்கா அதைக் குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் பழப்புளியில் ஊறவைத்துத் தேய்த்தா. சிப்பி கழன்றது. உள்ளடியில், நடுவில் இருந்த மண்ணிறக் கறை மட்டும் அசையவில்லை. கை ஓய்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டா.

"இஞ்சை பார் மணி, கறை எண்டால் மேலையெல்லோ இருக்கும். இது பளபளப்புக்குக் கீழை இருக்குது."

வெயிலில் பிடித்துப் பார்த்தோம். தூரிகையால் வேகமாக இழுத்த கோடுகள்.

"மீன்ரை வால்," என்றா அக்கா.

"குருவியின்ரை செட்டை," என்றேன் நான்.

"கோழி வளர்த்து வளர்த்து உனக்குக் கண் பழுதாப்போச்சு."

மிச்சம் கடலோடு போய்விட்டதால் அந்த வழக்கு தீரவில்லை.

பிறகொருநாள் பழம்பொருள் ஆராயும் ஐயா ஒருவர் வந்தார். பழைய சீனத்துக் கோப்பை, கப்பலில் வந்தது, அரசருக்கல்ல, சாதாரண சனம் புழங்கச் செய்தது என்றார். மீனா குருவியா என்று, மற்றப் பாதி இல்லாமல் சொல்ல முடியாது என்றார். அக்காவின் முகம் வாடும் என்று நினைத்தேன்.

"எங்களைப் போல ஆக்கள் சாப்பிட்டதோ? அதுக்கும் உவ்வளவு வடிவாய்க் கீறினவனோ! ஏன் கீறினவன்?"

சாதாரண சனத்தின் கோப்பையில் ஏன் படம் வரைந்தான் என்ற கேள்வி அவவை விடவில்லை. அடுத்தமுறை மீன் போட்டுக் கூழ் காய்ச்சியபோது அந்தத் துண்டில் ஒரு வாய்க் கூழ் விட்டு, உடைந்த பக்கம் சிந்தாமல் சரித்துப் பிடித்துக் குடித்தா. கூழ் இறங்க இறங்கக் கோடுகள் ஒவ்வொன்றாய் வந்தன.

"கண்டியோ! குடிச்சு முடிக்கிற ஆளுக்குத்தான் கீறியிருக்கிறான். மீன்தான் மணி. கூழுக்கை குருவிக்கு என்ன வேலை?"

எனக்குச் சிரிப்பில் புரைக்கேறியது. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

துளசி சீனாவுக்குப் போகமுன் பயணம் சொல்லப் போனபோது அக்கா அவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, அங்கை முழுசாய் ஒண்டு இருக்கும். என்னெண்டு பாத்துச் சொல்லு. நான் கண்ணை மூடுறதுக்கிடையிலை அறியவேணும்" என்றா. துளசி ஏதோ நூதனசாலையில் அதேபோல ஒரு கோப்பையைக் கண்டு படம் அனுப்பினாள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே, பக்கவாட்டில் நின்று எடுத்த படம்; உள்ளடி தெரியவில்லை. உள்ளே பார்க்க அக்கா என் போனைச் சரித்தா.

"அக்கா, போனைச் சரிச்சால் கோப்பை சரியுமோ?" என்றேன்.

"சரிஞ்சால் நல்லதுதானே," என்றா.

வருகிற லீவில் திரும்பப் போய் எடுப்பதாகத் துளசி சொல்லியிருந்தாள். அக்கா அந்த லீவுக்கு நிற்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய யோகன் அந்தத் துண்டை என் கையில் தந்தான். அது அலுமாரியில் இருக்கிறது. அதைவிட, எந்தக் கோப்பையைக் கழுவ எடுத்தாலும் முதலில் அதன் அடியைப் பார்க்கும் பழக்கம் அவவிடமிருந்து எனக்கு ஒட்டிவிட்டது.

துளசி, லீவு வந்ததும் போ. உள்ளே தெரிய, மேலே நின்று ஒரு புதுப் படம் எடுத்து நான் இதை எழுதுகிற இந்த முகநூல் பக்கத்திலேயே போடு. அக்காவை அறிந்த எல்லாரும் பார்க்கட்டும். குருவியாக இருந்தாலும் போடு. வென்றேன் என்று போய்ச் சொல்ல ஒழுங்கையின் கடைசி வீட்டில் அக்கா இல்லை.