ஒரு பக்கம் மட்டும் பெயர் எழுதிய படகு

முகநூலில் யாரோ, இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருக்கிற அகதிகளையெல்லாம் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கப்பல் எதுக்கு? என் படகு சும்மாதான் கெடக்குது, நானே இட்டுக்கினு போய் வுட்டுட்டு வரேன்" என்று கீழே எழுதினேன். சாயங்காலத்துக்குள் சிரிப்புப் பொம்மைகள் வலையில் காரப்பொடி மீன் மாதிரி வந்து கொட்டின. நான் மிதந்தேன்.

மறுநாள் காலை அதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் கரை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "நம்மூரு ஆளு" என்று பெருமைப்பட்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் படகுக்குப் பெயிண்ட் அடிப்பவர் அப்படி ஓர் அகதி முகாமிலிருந்துதான் வருகிறார். கலர் காட்டுவதற்காகப் போன மாதம் அவரைக் குழுவில் சேர்த்ததும் நான்தான்.

முகநூலில் இருந்ததை அழித்தேன். குழுவில் இருந்ததை அழிக்க முடியவில்லை. அங்கே போட்டது நான் இல்லையே. எட்டு மணிக்கு வருகிறவர் ஒன்பதாகியும் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்த கவலை படகைப் பற்றியது. இடது பக்கம் மட்டும்தான் பெயர் எழுதியிருந்தார். இரண்டு பக்கமும் பெயர் இல்லாமல் எங்கள் கரையில் படகைத் தண்ணீரில் தள்ள மாட்டோம். அது பாதி மீசை எடுத்தவன் போல மணலில் நின்றது. கரைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்ததுகூடத் தெரியவில்லை.

"இன்னாய்யா, ஒரு எடத்துல நில்லேன். நண்டு கடிச்சாமாரி ஓடுற" என்றாள் மனைவி.

"அவரு பாத்திருப்பாரா?"

"ஊரே பாத்துச்சு. அவருக்கு மட்டும் கண்ணு இல்லியா?"

பத்து மணிக்கு வந்தார். பஸ் லேட் என்றார். டீ கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தார். வழக்கமாக இரண்டு டம்ளர் குடிக்கிறவர். வலது பக்கம் முதல் எழுத்தை எழுதிவிட்டு, திரும்பாமலே கேட்டார்: "அண்ணை, இதில எத்தினை பேர் ஏறலாம்?"

"ஆறு பேரு" என்றேன். 

"நாங்கள் நாலு பேர். மகள் இங்க பொன்னேரியில பிறந்தவள். அவளை எங்க கொண்டுபோய் விடுவீங்கள்?"

 போனை எடுத்துக் குழுவில் எழுதினேன்: "அந்தக் கமெண்ட் நான் போட்டது. தப்பு. மன்னிச்சிடுங்க." அவரிடம் நீட்டினேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதில்கள் வந்தன. ஒன்று, மூன்று, ஏழு. எல்லாம் சிரிப்புப் பொம்மைகள். இதையும் என் ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். "நெசமாத்தாம்பா சொல்றேன்" என்று தட்டினேன். அதற்கு இன்னும் அதிகம்.

"எல்லாரும் சிரிக்கினம்" என்றார் அவர். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரஷைப் பெயிண்டில் தோய்த்தார். டீயில் ஆடை படிந்திருந்தது.