அரை ஓஸ்தி

1. குறடு

கன்னியாஸ்திரி மடத்துச் சமையல் குசினிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இருபது ஓஸ்தியைக் கரியாக்கினேன். ஓஸ்தி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பூசையில் சுவாமியார் வசனம் சொல்லி, ஆண்டவருடைய சரீரமாக எங்கள் நாக்கில் வைக்கிற மெல்லிய கோதுமை அப்பம் அது. அதை வாங்குவதைத்தான் நாங்கள் 'நன்மை வாங்குவது' என்போம். யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் சுற்றியுள்ள கோயில்களிலும் கொடுத்த ஓஸ்தி எல்லாம் எங்கள் மடத்து அறையில்தான் சுடப்பட்டது. இருபத்திரண்டு வருடம் அதைச் சுட்டவள் நான்.

இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகள், "திரேசம்மாக்கா, ஏன் நீங்கள் மாவைத் தண்ணியிலை கழுவிப் பாக்கச் சொல்லுறனீங்கள்?" என்று கேட்கிறார்கள். வாயால் சொன்னால் பாதியில் எழும்பிப் போய்விடுவார்கள். ஆகவே எழுதுகிறேன்.

வேலை பார்வைக்குச் சின்னது. மாவும் தண்ணீரும் மட்டும். உப்பில்லை, புளிப்பில்லை. நீண்ட கைபிடியுள்ள இரும்புக் குறட்டின் வாயில் இரண்டு தட்டு. அதில் சிலுவை வெட்டியிருக்கும். சிரட்டைக் கரியில் குறட்டைக் காய்ச்சி, தேன்மெழுகு தடவி, ஒரு கரண்டி மாக்கூழை ஊற்றி அமுக்க வேண்டும். இரண்டு செபமாலை மணி உருட்டுகிற நேரம், அவ்வளவுதான். சுட்ட தகட்டை ஈரத்துணியில் போட்டுப் பதப்படுத்திப் பிறகு வட்டமாக வெட்ட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் முறியும்.

மடத்துத் தலைவியான மதர் பிரான்சிலிருந்து வந்தவர். தமிழை எங்கள் குசினியில் பழகியதால் சுத்த யாழ்ப்பாணத் தமிழில் ஏசுவார். "முறிஞ்சது ஒண்டும் கோயிலுக்குப் போகப்படாது, விளங்குதோ? முழுசாய் இருக்கவேணும்" என்பது அவருடைய சட்டம். நானும் அதில் வலு கெட்டிக்காரி ஆனேன். நூறு வெட்டினால் ஒன்றுகூட முறியாது. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

2. மா

யுத்த காலம். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதற்கு அடுத்த வருடம், உயிர்த்த ஞாயிறான பாஸ்குவுக்கு முந்தின பெரிய வாரம். நல்ல மா கிடைப்பதே அருந்தலாகிவிட்டது. கப்பலில் வருவதைச் சங்கக்கடையில் கூப்பனுக்குக் கொடுத்தார்கள். எங்கள் பழைய மா பெரிய வியாழனோடு முடிந்தது. உயிர்த்த ஞாயிற்றுக்கு மட்டும் எண்ணூறு ஓஸ்தி வேண்டும். மடத்துச் சிஸ்டர்மார் எங்கேயோ அலைந்து ஒரு சின்னச் சாக்கு மா எடுத்துக் கொடுத்தார்கள். நானும் சந்தோசமாகச் சுட்டுத் தள்ளினேன்.

பெரிய வெள்ளி காலையில் வெட்ட உட்கார்ந்தேன். முதலாவது முறிந்தது. இரண்டாவது முறிந்தது. ஈரம் போதாது என்று துணியை நனைத்தேன், பிறகும் முறிந்தது. கோதுமை ஓஸ்தி முறிய முன் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இது முட்டை ஓடு மாதிரி 'படக்' என்று போனது. ஒரு பிடி மாவைப் பிசைந்து தண்ணீருக்குள் வைத்துக் கழுவிப் பார்த்தேன். நல்ல கோதுமை என்றால் கடைசியில் பசை மாதிரி ஒரு கட்டி கையில் மிஞ்ச வேண்டும். எனக்கு மிஞ்சியது சுண்டைக்காய் அளவு. மிச்சமெல்லாம் பால் மாதிரி ஓடிவிட்டது. பாதிக்கு மேல் அரிசி மா.

அரிசி மாவில் இடியப்பம் அவிக்கலாம், ஓஸ்தி சுட முடியாது. கோதுமை இல்லாவிட்டால் சுவாமியார் எத்தனை வசனம் சொன்னாலும் அது வெறும் அப்பம்தான். மாவில் அரிசி கலந்திருப்பது எனக்குத் தெரியும். அந்த மடத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. முறிந்தது போக மெல்ல மெல்ல வெட்டித் தேற்றிய எண்ணூறும் பார்வைக்கு வெள்ளை வெளேர் என்று முன்னையதைவிட வடிவாக இருந்தன.

அன்று பின்னேரம் அண்ணை வந்தார். என்னுடைய ஒரே அண்ணை, சவிரிமுத்து. அவரும் அவருடைய கூட்டாளி மரியானும் ஒரே வள்ளத்தில் மீன்பிடித் தொழில் செய்தவர்கள். ஒரு நாள் வலை கடலடிப் பாறைப் பாரில் சிக்கிக் கிழிந்தது. யாருடைய பிழை என்று தொடங்கிய கதை, ஏழு வருடம் முகம் பாராத பகையாக முடிந்தது. மரியானை மன்னிக்காமல் நன்மை வாங்க முடியாது என்று சுவாமியார் சொல்ல, அண்ணை ஏழு பாஸ்குவுக்கும் கோயில் வாசலோடு நின்றுவிட்டார். அம்மா அந்தக் கவலையோடுதான் கண்ணை மூடினா.

"தங்கச்சி, நான் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டன்" என்றார்.

பாவத்தைச் சுவாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டால்தான் நன்மை வாங்கலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மரியானோடை கதைச்சனீங்களே, அண்ணை?"

"மன்னிச்சுப்போட்டன் எண்டு சுவாமியிட்டைச் சொன்னன். கதைப்பன் எண்டு சொல்லேல்லை. அவரும் தலையைச் சொறிஞ்சுபோட்டு, சரி ஞாயிற்றுக்கிழமை வா, மிச்சத்தை ஆண்டவர் பாக்கட்டும் எண்டார். ஆனால் ஒண்டு, இந்த ஞாயிறு தவறினால் என்ரை மனம் பிறகு திரும்பாது. என்னை எனக்குத் தெரியும்."

அவர் போன பிறகு ஓஸ்தி போட்டு வைத்த தகரப் பெட்டியின் முன்னால் இருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் அண்ணை ஞாயிறு நன்மை வாங்க முழங்காலில் நிற்பார். சொன்னால் ஓஸ்தியே இல்லை. சொல்லாமல் விடத்தான் முதலில் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு வருடத்துக்குப் பிறகு வாயைத் திறக்கிற என் அண்ணையின் நாக்கில் நானே வெறும் அரிசி அப்பத்தை வைப்பதா? எழும்பிப் போய் மதரிடம் சொன்னேன்.

ஏசுவார் என்று நினைத்தேன். மதர் ஒரு ஓஸ்தியை எடுத்து முறித்துப் பார்த்தார். "சொன்னது நல்லது, பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவாமியாருக்கு ஆள் அனுப்பினார். சுவாமியாரின் மறுமொழி இரண்டே வசனம். "அதைப் பிள்ளையளுக்குத் தின்னக் குடுங்கோ. நல்ல மா கிடைச்சால் சுடுங்கோ, கிடைக்காட்டில் ஞாயிறு நான் மட்டும்தான் நன்மை வாங்குவன்." மடத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாஸ்கு மறக்க முடியாத பாஸ்கு. எண்ணூறையும் அப்பளம் மாதிரி நொறுக்கினார்கள்.

3. செல்லம்மாக்காவின் கோதுமை

சனி விடிய, பால் கொண்டு வருகிற செல்லம்மாக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டா. கொக்குவிலில் இருந்து வருகிற சைவ மனுசி. வெள்ளிக்கிழமை விரதம் தப்பாது. நான் விசயத்தைச் சொன்னேன்.

"கோதுமைதானே? எங்கடை வீட்டை ஒரு கொத்துக் கிடக்குமே. இவருக்குச் சீனி வருத்தம், டாக்குத்தர் சோறு சாப்பிடப்படாதெண்டவர். மகன் கொழும்பாலை முழுக் கோதுமையாய் அனுப்பினவன்."

"அவருக்கு வேணுமெல்லே, அக்கா?"

"குரக்கன் பிட்டுத் தின்னட்டும். ஒரு கிழமையிலை செத்துப்போக மாட்டார்."

பால் செம்பைக் குசினியில் வைத்துவிட்டுத் திரும்ப நடந்து போய், சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தா. அவவே திரிகையில் உட்கார்ந்தா. நான் மல்லுத் துணியில் அரித்தேன். அரைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டா, "ஏன் பிள்ளை, எங்கடை கோதுமையிலை உங்கடை சாமி வருவாரே?"

"சுவாமியாரைக் கேட்டுச் சொல்லுறன், அக்கா" என்று சமாளித்தேன்.

கொத்து என்பது சின்ன அளவுதான், அது எவ்வளவுக்குக் காணும்? முன்னூறுக்குக் கிட்ட வந்தது. தவிட்டு நிறம். ஒன்றுகூட முறியவில்லை.

4. ஞாயிறு

சுவாமியார் பிரசங்கத்தை அன்று சுருக்கமாக முடித்தார். "ஓஸ்தி குறைவு. முறிச்சுத் தருவன். சின்னத் துண்டெண்டு ஒருத்தரும் மனஸ்தாபப்படவேண்டாம். எந்தத் துண்டிலும் ஆண்டவர் முழுசாய் இருக்கிறார்." இந்த ஞானோபதேசத்தைச் சின்ன வயதில் பாடமாக்கி ஒப்புவித்தவள் நான். அன்று நான் பார்த்ததெல்லாம், முறியாமல் சுட்ட என் ஓஸ்திகள் ஒவ்வொன்றாக அவர் கையில் முறிவதைத்தான்.

ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். அண்ணை பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியடியில் முழங்காலில் நின்றார். சனநெரிசலில் பக்கத்தில் யார் என்று அவர் பார்த்திருக்கமாட்டார். நான் பார்த்தேன். மரியான்.

பூசை முடிந்து வெளியே வந்த அண்ணை என்னைத் தேடி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தங்கச்சி, சுவாமி ஒண்டை முறிச்சு எனக்குப் பாதி தந்தார். மற்றப் பாதி எங்கை போகுதெண்டு கண்ணைத் திறந்து பாத்தன்." வேப்பமரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அவன்ரை வாய்க்குள்ளை போயிட்டுது."

"அதுக்கு என்ன, அண்ணை?"

"என்ன எண்டோ? ஒரே ஓஸ்தியைத் தின்னுபோட்டு இனி எப்பிடியடி கதைக்காமல் இருக்கிறது?"

சொல்லிவிட்டு விறுவிறென்று நடந்து போய், வேப்பமரத்தடியில் நின்ற மரியானுக்கு முன்னால் நின்றார். ஏழு வருடத்துக்குப் பிறகு என் அண்ணை பேசிய முதல் வார்த்தை, "நாளைக்குக் காத்து எப்பிடி?" மரியான் கடல் பக்கம் திரும்பிப் பார்த்து, "கச்சான் காத்து மாதிரிக் கிடக்கு" என்றான். அவ்வளவுதான். நான் கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

செல்லம்மாக்காவுக்கு மீன் கொண்டுபோவம் என்றார்கள் இருவரும். "அவ மச்சம் சாப்பிடமாட்டா" என்று நான் தடுத்தேன். அவவின் மாட்டுக் கொட்டில் ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டு, தென்னோலைக் கிடுகு கட்டிக்கொண்டு அடுத்த கிழமை வேயப் போனார்கள். நானும் கூடப் போனேன்.

இவ்வளவு காலமும் முறியாத ஓஸ்தி சுடுவதுதான் என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். முறிக்கத்தான் அதைச் சுடுகிறோம் என்பது அந்த வருடந்தான் எனக்கு உறைத்தது. அதற்காக, பிள்ளைகளே, நீங்கள் வெட்டும்போது முறித்துவிட்டு என்னைச் சாட்டுச் சொல்லக்கூடாது. மாவைக் கழுவிப் பாருங்கள். பிழையென்றால் யாருக்கு நட்டமானாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

வேயப் போன அன்று கொட்டில் கூரையில் இரண்டு பேரும் கயிற்றுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இழுத்துக் கட்டடா!"

"நீ ஒழுங்காய்ப் பிடிச்சாலெல்லே கட்டலாம்!"

ஏழு வருடம் பேசாமல் விட்டதை எல்லாம் அன்று ஒரே நாளில் பேசித் தீர்த்தார்கள் என்றே சொல்ல வேண்டும். மாடு மிரண்டுபோய் நின்றது. செல்லம்மாக்கா எனக்கு மோர் ஊற்றித் தந்துவிட்டு, "பிள்ளை, நான் கேட்டதுக்கு நீ இன்னும் மறுமொழி சொல்லேல்லை. எங்கடை கோதுமையிலை உங்கடை சாமி வந்தவரே?" என்றா.

நான் கூரையைப் பார்த்தேன்.

"ஓம் அக்கா," என்றேன். "வந்தவர்."