புகார் எண் அறுபத்திரண்டு

எதிர்க்கரையிலுள்ள கெப்பாலா பத்தாஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, படகேறித் தீவுக்குள் இறங்கி, எட்டு மணிக்குத் தொலைபேசியின் முன் அமர்வது சந்திரிகாவின் பன்னிரண்டாண்டு வழக்கம். தீவு நகரான ஜார்ஜ்டவுனின் சிறிய தமிழ் வானொலியில் பிறந்தநாள் வாழ்த்துகளைக் குறித்துக்கொள்வது அவருடைய வேலை. வாழ்த்துவோர் பட்டியலில் ஒரு மாமன் பெயர் விடுபட்டாலும் மறுநாள் தொலைபேசி அலறும்.

அந்த வாரம் அது வேறு காரணத்துக்காக அலறியது.

திங்கட்கிழமை காலை அறிவிப்பாளர் மோகனராஜ், "அந்தக் கரை ஆளுங்களுக்கு வேலைன்னா பாலம் ரொம்ப தூரம், கல்யாண விருந்துன்னா மட்டும் பக்கத்துல வந்துரும்லா!" என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டார். நண்பகலில் ஓர் இணையச் செய்தித்தளம், 'கடல் கடந்த இழிவு! கொதிக்கிறது செபராங் பிறை!' என்று எழுதியது. அந்நேரத்தில் பாலத்துக்கு அப்பாலுள்ள அந்த எதிர்க்கரையில் கொதித்தவை தேநீர்ப் பானைகள் மட்டுமே. செய்தியைப் படித்த பிறகுதான் மனிதர்கள் கொதிக்கத் தொடங்கினார்கள். செவ்வாயன்று அத்தளம் 'மன்னிப்பு எங்கே?' என்றது, புதனன்று 'மௌனம் ஏன்?' என்றது.

வெள்ளிக்கிழமைக்குள் புகார்களைத் தொகுத்துத் தரும்படி நிலைய மேலாளர் பழனியப்பன் கேட்டார். அவற்றைப் பார்த்த பின்னரே மோகனராஜை வேலையில் வைத்திருப்பதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுப்பாராம்.

சந்திரிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேடிக்கையை மோகனராஜுக்குச் சொன்னவரே அவர்தாம். வேலைக்கு வராமல் கல்யாண விருந்துக்கு மட்டும் வந்த தம் நாத்தனார் ரமணியின்மேல் இருந்த மனத்தாங்கலில், தேநீர்க் கடையில் சொன்னது. மோகனராஜோ அவர் பெயரை எவரிடமும் சொல்லவில்லை.

"நீங்க ஏன்க்கா பயப்படுறீங்க? மைக்ல பேசுனது என் வாய்தானே?"

அக்கரையில், செபராங் ஜெயாவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஷேக் அலாவுதீன் புதன் பிற்பகல் அழைத்தார்.

"எங்கள சோத்துக்கு அலையிறவங்கன்னு சொல்லிட்டானாமே!"

"எத்தன மணிக்குக் கேட்டீங்க பாய்?"

"நான் எங்கம்மா கேட்டேன்? மவன் போன்ல படிச்சுக் காட்டுனான்."

புகார்ப் படிவத்தில் 'கேட்ட நேரம்' என்ற இடத்தில் 'கேட்கவில்லை' என்று எழுதினார் சந்திரிகா. அடுத்து, பன்னிரண்டாண்டுப் பழக்கம் நாவை முந்திக்கொண்டது.

"சரி பாய், வாழ்த்து யாருக்கு?"

மறுமுனையில் கோபக் குரல் சட்டென்று இறங்கியது.

"பேத்தி அதிராவுக்கு. சனிக்கிழம அஞ்சு வயசு. எழுதிக்கம்மா, அத்தா ஹாரிஸ், பாட்டி ஹாஜரா, கடைப் பணியாளர்கள் எல்லாரும்..."

"யாரு வாசிக்கணும் பாய்?"

"அந்த மோகனராஜே வாசிக்கட்டும். அவன் கொரலக் கேட்டாத்தான் புள்ள சிரிக்கும். ஆனா கோவம் கோவந்தான், சொல்லிட்டேன்!"

வாய்தவறிக் கேட்ட கேள்வியை அதன்பின் சந்திரிகா வேண்டுமென்றே எல்லாரிடமும் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அறுபத்தொரு புகார்கள் சேர்ந்தன. நிகழ்ச்சியைத் தம் காதால் கேட்டவர் ஒருவருமில்லை. வாழ்த்துச் சொல்லச் சொன்னவர்கள் நாற்பத்து நால்வர்.

புகார்க் கட்டை மேலாளரிடம் கொடுக்குமுன், இன்னொரு படிவத்தைத் தம் கையால் நிரப்பி மேலே வைத்தார். பெயர்: சந்திரிகா. ஊர்: கெப்பாலா பத்தாஸ். கேட்ட நேரம்: கேட்கவில்லை, சொல்லிக்கொடுத்தவளே நான்.

பழனியப்பன் அதை இருமுறை படித்தார்.

"நீங்களே அந்தக் கரைதானே?"

"ஆமா சார். அதனாலதான் அவ்ளோ கரெக்டா தெரியும்."

சிரிப்பை அடக்க அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. பிறகு மற்றப் படிவங்களைப் புரட்டினார்.

"அவர அனுப்பிட்டா இந்த நாப்பத்து நாலையும் யாரு வாசிக்கிறது?"

"அதுக்குத் தனியா புகார் வரும் சார்."

சனிக்கிழமை காலை மோகனராஜ் முதலில் மன்னிப்புக் கேட்டார். வேடிக்கை தம்முடையதுதான் என்று சந்திரிகாவும் ஒலிவாங்கியின் முன் ஒப்புக்கொண்டார். பின்னர் அதிராவில் தொடங்கி நாற்பத்து நான்கு வாழ்த்துகளும், ஒரு மாமனும் விடுபடாமல், காற்றில் சென்றன. செய்தித்தளம் 'மன்னிப்புப் போதுமா?' என்று கேட்டது.

அப்போது தொலைபேசி அலறியது. ரமணி.

"அண்ணி, அந்த விருந்துக் கத என்னப் பத்தித்தானே?"

சந்திரிகா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆமா ரமணி. தப்புதான்."

"தப்புதான். ஆனா உண்மைலா." மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "சரி, சின்னவனுக்கு வர்ற புதன் பிறந்தநாள். எழுதிக்குங்க. அத்தன்னு உங்க பேர மொதல்ல போடுங்க."