சிவப்புக் கோட்டுக்குள் ஐந்து வரி

"அவன் அவளை இறுக அணைத்தான் கமா இதழ்களில் முத்தமிட்டான் கமா விளக்கை அணைத்தான் முற்றுப்புள்ளி."

நீதிமன்றத்து வாசிப்புக் குமாஸ்தா படிக்கும் அழகு இதுதான். ஆபாச வழக்குகளில் சிக்கிய புத்தகங்களை நீதிபதிக்கு உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வேலை. தட்டச்சு அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நிறுத்தற்குறிகளையும் விடமாட்டார். படிப்பவர் மனம் கெடுமா என்று சட்டம் கேட்கிறது. இவர் வாயில் விழுந்து எழுந்த முத்தத்தால் இதுவரை ஒருவர் மனமும் கெட்டதில்லை. கொட்டாவிதான் வந்திருக்கிறது.

"கொஞ்சம் உணர்ச்சியோட படிங்க சார், கேஸே படுத்துடும் போலிருக்கு" என்று அரசு வக்கீல் கெஞ்சுவார்.

"உணர்ச்சிக்குத் தனியா சம்பளம் தர்றாங்களா சார்?"

வக்கீல் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பதை மட்டும் படிப்பார். ஒரு சொல் கூடினாலும் மெமோ வரும். நாக்கு தடுக்கக் கூடாதே என்று முன்கூட்டியே ஒருமுறை மனசுக்குள் படித்துக்கொள்வதும் உண்டு.

இன்றைய வழக்கு, ஒரு பள்ளி ஆசிரியை எழுதிய நாவல். ஆபாசம் என்று தீர்ப்பானால் அவர் வேலைக்கு வேட்டு. கோட்டுக்குள் ஐந்தே வரி: மனைவி கணவனின் சட்டையைக் கழற்றுகிறாள், மார்பில் கை வைக்கிறாள்.

நேற்று மதியம் குமாஸ்தாவின் சாப்பாடு திறந்தபடி ஆறிக் கிடந்தது. "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றார் தட்டச்சு அம்மா.

"அடுத்த பக்கத்தைப் படிச்சிட்டேம்மா. அந்த ஆளு படுத்த படுக்கை. வாய் பேச வராது. அவ ஈரத்துணியால ஒடம்பத் தொடச்சு விடறா, அவ்வளவுதான். இதுக்குப் போயி கோடு போட்டிருக்கான் பாரு, பாவி!"

"அந்தம்மாவோட வக்கீல் சொல்லமாட்டாரா?"

"அவரு புத்தகத்தைத் தொறந்தாத்தானே! எழுத்துச் சுதந்திரம்னு மேசையத் தட்டுவாரு."

இன்று அப்படியே தட்டினார். கூண்டில் ஆசிரியை கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். குமாஸ்தா எழுந்து ஐந்து வரியையும் கமா பிசகாமல் படித்து முடித்தார்.

"அவ்வளவுதான் சார், உக்காருங்க" என்றார் அரசு வக்கீல்.

குமாஸ்தா உட்காரவில்லை. விரலை நாக்கில் தொட்டு, பக்கத்தைப் புரட்டினார்.