சந்தனம் வைத்த கிளாம்பு

மரத்தில் சித்திரம் செதுக்கும் மெஷின் வைத்திருப்பவர்களுக்குச் செதுக்குவது கஷ்டமில்லை. பலகையை அசையாமல் பிடிப்பதில்தான் உயிர் போகும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கோவை சிங்காநல்லூரில் நானும் வீட்டுக்காரரும் ஒரு சிஎன்சி ரௌட்டர் போட்டிருக்கிறோம். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் சுழலும் கத்தி தானாகச் செதுக்கும். ஸ்க்ரூ போட்டுப் பிடித்தால் பலகையில் ஓட்டை விழும். மேலே கிளாம்பு போட்டால் கத்தி அதில் போய் முட்டும். அதனால் அடியில் காற்றை உறிஞ்சிப் பிடிக்கிற வேக்குவம் கிளாம்பு வேண்டும். கடையில் விற்பதை வாங்க நமக்கு ஏது வசதி? உங்களில் பலரைப் போல நானே செய்தேன். செய்து பட்டதைச் சொல்கிறேன்.

ஆணி கூடாது

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தோப்புக்காரர் இரண்டு பலாப்பலகை கொண்டுவந்தார். அவர் தோப்பு மரம். அறுத்ததில் தேறியது இந்த இரண்டுதான். புது வீட்டுப் பூஜையறைக்கு இரட்டைக் கதவு, கதவுக்கு ஒரு மயில், இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஐப்பசியில் பால் காய்ச்சுகிறார்கள். "ஒருவேளை கெட்டுப்போனா வேற பலகை இருக்குதுங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அவர் பலகையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மரமே அது ஒண்ணுதானுங்க அம்மணி. ஆணி மட்டும் அடிச்சுப்போடாதீங்க, சாமி கதவுங்க."

ஊதுபத்தி

சோற்றுத்தட்டு அகலத்தில் கனமான பிளைவுட், அதில் சுற்றிலும் ஒரு காடிப் பள்ளம், காடியில் ரப்பர் கயிறு, நடுவில் துளை. துளையிலிருந்து ஒரு டியூப் பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசருக்குப் போகும். மேலே பலகையை வைத்துக் கம்ப்ரசரைப் போட்டால், உள்ளே இருக்கும் காற்று போய்ப் பலகை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆறு செய்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. பிளைவுட்டின் ஓரமே காற்று விடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. நாலு கோட் வார்னிஷ் அடித்தேன். அப்புறமும் எங்கே ஒழுகுகிறது என்று ஊதுபத்தி கொளுத்திச் சுற்றிலும் காட்டிப் பார்த்தேன். ஓட்டை இருக்கும் இடத்தில் புகை உள்ளே போகும். மூன்று நாள் இப்படிப் பத்தியும் கையுமாக அலைந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்து லேத் பட்டறை முருகேசன் கேட்டார்: "ஏனுங்கக்கா, ஓடாத மெஷினுக்கே இத்தன பூசைன்னா, ஓடுனா கெடா வெட்டுவீங்களா?"

பறந்த பலகை

ஒரு வழியாக ஆறும் பிடித்தன. பலாவில் கைவைக்கப் பயந்து, முதலில் ஒரு வேப்பம்பலகையைப் போட்டோம். பாதியில் ஃபியூஸ் போனது. கம்ப்ரசர் நின்றுவிட்டது, கத்தி மட்டும் ஓடின வேகத்தில் இன்னும் சுற்றியது. பிடி விட்ட பலகை கத்தியில் சிக்கி, என் காதோரம் பறந்து, சுவரில் மோதிப் பிளந்தது. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பிடி இருக்க, கம்ப்ரசருக்கும் கிளாம்புக்கும் நடுவில் ஒரு காலி டேங்க் வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்தென்ன, உட்கார்ந்து அழுதேன். ஆறுதல் சொல்லத் தெரியாத என் வீட்டுக்காரர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "அழுவாத புள்ள, வேம்புதான போச்சு. பலாவா இருந்தா நானும் கூட உக்காந்து அழுதிருப்பேன்."

பொட்டு

டேங்க் வைத்த பிறகு முதல் மயில் அழகாக வந்தது. இரண்டாவதை ஆயுத பூஜை கழித்து எடுக்கலாம் என்று விட்டோம். பட்டறையைக் கழுவி மெஷினுக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். என் கையால் செய்த கிளாம்புகளை விட மனசு வருமா? ஆறுக்கும், ரப்பர் மேலேயே, நாலு மூலைக்கு நாலு பொட்டு. மறுநாள் ஈரத்துணியால் துடைத்தேன். பத்தி காட்டிப் பார்க்கவில்லை. போன மயிலுக்குப் பிடித்ததே என்ற திமிர்.

கத்தி இரண்டாவது மயிலின் கழுத்துக்கு வந்தபோது பலகை ஒரு விரற்கடை நகர்ந்தது. வீட்டுக்காரர் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் மயிலின் தலை வேறு, உடம்பு வேறு. நடுவில் குறுக்கே ஒரு பள்ளம். கிளாம்பை எடுத்துப் பார்த்தால், ஈரத்துணியில் கரைந்த சந்தனம் காடிக்குள் இறங்கி, ரப்பருக்கு அடியில் மணல் போலக் காய்ந்திருந்தது. சத்தம் கேட்டு வந்த முருகேசன் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. "நானும் லேத்துக்கு வெச்சிருக்கேனுங்கக்கா, போய்த் தொடச்சுப்போட்டு வாரேன்."

ஒரு வார்த்தை

போனில் சொல்ல வாய் வரவில்லை. தோப்புக்காரரை நேரில் வரச் சொன்னேன். நல்ல மயிலை முதலில் காட்டலாம் என்றார் வீட்டுக்காரர். நான் கெட்டதையே காட்டினேன். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துத் தருகிறேன் என்று உளறினேன். கழுத்தறுந்த மயிலை யார் பூஜையறையில் வைப்பார்கள்? பால் காய்ச்ச ஒன்பதே நாள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்காவது தூங்கியிருப்பேன். இரண்டு பலகையையும் தானே தூக்கி வண்டியில் வைத்து, பெட்ஷீட்டால் போர்த்தினார். ஏறப் போனவர் இறங்கி வந்தார். "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க அம்மணி? அழுவாதீங்க. ஊட்டுல கேட்டா என்னன்னு சொல்றதுன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிக் குடுங்க, அது போதுமுங்க."

ஆகவே, என்னோடு சேர்ந்து இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, மெஷினுக்குப் பொட்டு வையுங்கள், உங்கள் நெற்றிக்கும் வையுங்கள், ரப்பருக்கு மட்டும் வைக்காதீர்கள். அங்கே சாமிக்கே பிடிமானம் கிடையாது.