பேவர் பிளாக்குக்கு அடியில் அப்பா

பஸ்ஸில் யாராவது காலை மிதித்துவிட்டால்கூட "சாரி" என்று ஜான்சிதான் சொல்வாள். புனேவை ஒட்டிய பிம்ப்ரியில் ஒரு மருந்து கம்பெனியில் லேபிள் ஒட்டும் வேலை. அப்படிப்பட்டவள் கல்லறைத் திருநாளன்று மடத்தில் போட்ட சத்தத்தை, சிஞ்ச்வட்டில் அவள் குடியிருக்கும் சொசைட்டியில் இன்னும் யாரும் நம்பவில்லை.

புனேவுக்கு வெளியே குன்றின்மேல் இருக்கிறது அந்தக் கருங்கல் மடம். நூறு வருஷத்துக்கு மேல் பழையது. அங்கே குகைபோலக் கட்டிய மாதா கெபிக்கு வெறுங்காலோடு ஏறி வருகிறவர்களுக்குக் கணக்கில்லை. ஜான்சியின் அப்பா மிக்கேல் திண்டுக்கல்லிலிருந்து வந்து, சாகும்வரை அங்கே துறவிகளுக்குச் சமைத்துப் போட்டவர். அவரைச் சமையற்கட்டுச் சுவருக்குப் பின்னால் புதைத்தார்கள். தோட்டக்காரர், மணியடிக்கிறவர், துணி துவைத்தவர் எல்லாரும் அங்கேதான். துறவிகளின் கல்லறைகள் முன்புறத் தோட்டத்தில் மார்பிளோடு இருந்தன. இவர்களுக்கு மண்மேடும் மரச்சிலுவையும். ஒரு வேப்பமரம் நிழல் கொடுத்தது.

கணவர் ஜெகதீசன் பக்கவாதத்தில் படுத்ததால் இரண்டு வருஷம் அவளால் போக முடியவில்லை. போன நவம்பரில் மகள் ஜெனிபர் தன் புதுக் காரில் கூட்டிப்போனாள்.

சமையற்கட்டுச் சுவரைத் தாண்டியதும் ஜான்சி நின்றுவிட்டாள். வேப்பமரம் இல்லை. மண்மேடு ஒன்றுகூட இல்லை. தரை முழுக்கச் சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் பிளாக். வெள்ளைக் கோடு போட்டு, வரிசையாகக் கார்கள்.

"என்னடி இது? அப்பா எங்கடி?" என்று ஜெனிபரின் கையைப் பிடித்தாள்.

அவர்கள் தமிழ் பேசியதைக் கேட்டு, விசிலோடு வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த இளைஞன் வந்தான். பெயர் நிர்மல். கோயம்புத்தூர்க்காரன், வாகட்டில் குடியிருக்கும் ஐ.டி. ஊழியன். திருநாளுக்காகத் தொண்டு செய்ய வந்திருந்தான்.

"ஆன்ட்டி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. பின்னாடி வண்டி வருது."

"தம்பி, இங்க இருந்த கல்லறையெல்லாம் எங்க?"

"அது முன்னாடி தோட்டத்துல இருக்குதுங்க. மார்பிள் போட்டு..."

"அது சாமியாருங்களோடது. நான் எங்க அப்பாவக் கேக்குறேன்."

நிர்மல் தன் காலடியைப் பார்த்தான். "காலி இடம்னுதானுங்க மடத்துக் கமிட்டியில சொன்னாங்க."

"அம்மா, சோடோ நா, விட்டுடும்மா," என்றாள் ஜெனிபர். "கெபில கேண்டில் வெச்சுட்டு போலாம். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! உங்க தாத்தா மேல காரை ஏத்தி நிறுத்தியிருக்காங்க. நல்லாப் பாக்கட்டும்!"

காலியாக இருந்த ஓர் இடத்தில் ஜான்சி சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்த மெழுகுவத்திகளைப் பிளாக்கின்மேல் ஏற்றினாள். பெரிய வெள்ளைக் கார் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. உள்ளே இருந்தவர், "இடத்தை ரிசர்வ் செய்துவிட்டீர்களா?" என்று இந்தியில் கத்தினார்.

"ஆமாம். அடியில் என் அப்பா படுத்திருக்கிறார். ஏற்றிவிட்டுப் போ!" என்று அவளும் இந்தியிலேயே கத்தினாள்.

நிர்மல் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். கூட்டத்திலிருந்து சுசீலா என்ற மராத்திப் பெண் வந்தாள். அவளுடைய அண்ணன் மடத்தில் தோட்டக்காரராக இருந்தவர். ஜான்சியின் பக்கத்தில் உட்கார்ந்து தன் மெழுகுவத்தியை ஏற்றினாள்.

கடைசியில் மடத்துத் தலைவரே வந்தார். தமிழ் தெரிந்தவர். "பெயர்க்கல் எதுவும் இல்லையேம்மா. எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"கல்லு வெக்காதது யாரு ஃபாதர்? உங்களுக்கு மார்பிள், எங்கப்பாவுக்கு ரெண்டு குச்சி. குச்சி மக்கிப்போனா ஆளே இல்லேன்னு ஆயிடுமா? அவர் கையால சாப்பிட்டுத்தானே இந்த மடமே ஜெபம் பண்ணுச்சு! எங்க வீட்டுல வந்து ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் குனிந்து, அணைந்திருந்த ஒரு மெழுகுவத்தியை ஏற்றினார். பிறகு, "தப்புதான்" என்றார். கார்களுக்கு நடுவே ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஜான்சிக்கு ஆறவில்லை. "தண்ணி தெளிச்சா போதாது ஃபாதர். கல்லைப் பேத்தெடுங்க," என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு பாதி இடத்தில் பிளாக்குகளைப் பெயர்த்து எடுத்தார்கள். ஒரு கல்லும் வந்தது. 'மடத்தின் விசுவாசமுள்ள வேலைக்காரர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "வேலைக்காரங்களுக்குப் பேரு கிடையாதா?" என்று ஜான்சி அதை நடவிடவில்லை. அவளும் சுசீலாவும் வீடு வீடாகப் போய், அங்கே புதைத்தவர்களின் பெயர்களை விசாரித்தார்கள். தவக்காலத்தில் தமிழிலும் மராத்தியிலும் பெயர்கள் வெட்டிய கல் வந்தது. ஆனால் மிக்கேல் எந்த இடத்தில் கிடக்கிறார் என்று யாராலும் காட்ட முடியவில்லை. மரம் இருந்திருந்தாலாவது ஓர் அடையாளம் இருந்திருக்கும். ஜான்சி அந்தப் பாதி நிலம் முழுவதும் பூவைத் தூவிவிட்டு வந்தாள்.

ஈஸ்டர் முடிந்ததும் கமிட்டிக் கூட்டத்துக்கு அவளை அழைத்தார்கள். மாலை போட்டு, நன்றி சொல்லி, டீ கொடுத்தார்கள்.

"மீதிப் பாதி எப்ப?" என்று கேட்டாள்.

கமிட்டிக்காரர் ஒருவர், யாத்திரை பஸ்கள் நிற்க வேறு இடம் இல்லை என்றார்.

"அப்படின்னா உங்க அப்பா கல்லறை மேல நிறுத்துங்க!" என்று மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள் ஜான்சி.